கிராஞ்சியில் ஒரு மையம் கட்டினால்

கிராஞ்சி போர் நினைவிடத்தில் பார்வையாளர்களுக்கும் மாணவர்களுக்கும் என்று ஒரு மையம் கட்டினால் அது எப்படி இருக்க வேண்டும்? கொஞ்ச காலமாக நானும் இரண்டு நண்பர்களும் இதை வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். யாரும் எங்களைக் கேட்கவில்லை. டெண்டரும் இல்லை, போட்டியும் இல்லை. நான் கண்காட்சிக் கூடங்கள் வடிவமைக்கிறவன். ஒரு நண்பர் கட்டடக் கலைஞர். இன்னொருவர் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறார். மாணவர்களைக் கிராஞ்சிக்குக் கூட்டிப்போய், அரை மணி நேரத்துக்குள் அவர்கள் நிழல் தேடி ஒதுங்குவதைப் பார்த்துப் பார்த்து வருத்தப்பட்டவர். அவர்தான் எங்கள் இருவரையும் இதில் இழுத்துவிட்டார். சனிக்கிழமைகளில் தேக்காவில் ஒரு காப்பிக் கடை மேசையில் வரைபடத்தை விரித்துப் பேசுவோம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்களில் பலர் அங்கே ஒருமுறைகூடப் போனதில்லை. நகரத்திலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் வடக்கே, உட்லண்ட்ஸ் ரோட்டை ஒட்டி ஒரு சிறு குன்று. கீழே வாசல். அங்கிருந்து மேலே ஏற ஏற வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாகக் கூடவே வரும். இரண்டாம் உலகப் போரில் இறந்த 4,461 காமன்வெல்த் வீரர்கள் இங்கே அடக்கமாகியிருக்கிறார்கள் அல்லது நினைவுகூரப்படுகிறார்கள். அவர்களில் 850க்கும் மேற்பட்டவர்கள் யார் என்றே தெரியவில்லை. குன்றின் உச்சியில் சிங்கப்பூர் நினைவுச்சின்னம். காலின் செயின்ட் கிளேர் ஓக்ஸ் வடிவமைத்து 1957 மார்ச் 2 அன்று திறந்துவைக்கப்பட்டது. வரிசையாக நிற்கும் சுவர்கள் அணிவகுக்கும் தரைப்படை, மேலே விரிந்த கூரை விமானத்தின் இறக்கை, நடுக்கோபுரம் கடற்படை என்று விளக்கம் சொல்வார்கள். அந்தச் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். உடல் கிடைக்காதவர்கள், கிடைத்தும் கல்லறை இன்னதென்று தெரியாமல் போனவர்கள்.

இந்த மண்ணுக்கும் போருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1942 பிப்ரவரி 9 இரவு ஜப்பானியப் படை கிராஞ்சி ஆற்று முகத்துவாரத்தில் இறங்கியது. ஆறு நாளில், 15ஆம் தேதி, புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷார் சரணடைந்தார்கள். அதன் பிறகு கிராஞ்சியில் போர்க்கைதிகள் முகாம் இருந்தது. 1946இல் இதைப் போர்க்கல்லறையாக்குவது என்று முடிவாகி, தீவின் மற்ற இடங்களில் புதைக்கப்பட்டிருந்தவர்களையும் இங்கே கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் குன்றில் ஏறுகிற ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை எப்படித் தெரிந்துகொள்ளும்? கல்லில் பெயர் இருக்கிறது. கதை இல்லை. அதற்குத்தான் மையம்.

முதல் சண்டை இடத்தைப் பற்றி. கட்டடக் கலைஞர் நண்பர் முதலில் வரைந்தது குன்றின் மேலே, நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில். அங்கே நின்றால் வடக்கே ஜோகூர் நீரிணை வரை பார்க்கலாம், அழகுதான். நான் கூடாது என்றேன். அந்தக் குன்றில் இன்னொரு கட்டடம் தலை தூக்கவே கூடாது. பிரான்சில் தியப்வால் நினைவுச்சின்னத்தில் 72,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. 2004இல் அங்கே மையம் திறந்தபோது அதைத் தாழ்வாக, மரங்களுக்குள் அடக்கமாகத்தான் கட்டினார்கள். அதே பிரான்சில் வில்லர்ஸ் பிரெத்தனோவில் ஆஸ்திரேலியர்கள் 2018இல் திறந்த மொனாஷ் மையம் நினைவுச்சின்னத்துக்குப் பின்னால் நிலத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. வாஷிங்டனில் வியட்நாம் போர்ச் சுவருக்குப் பக்கத்தில் நிலத்தடியில் ஒரு கல்வி மையம் கட்ட 2003இல் அனுமதி வாங்கி, 2012இல் பூமி பூஜைபோல ஒரு விழாவும் நடத்தி, பணம் சேராமல் 2018இல் கைவிட்டார்கள். 58,000 பெயர்களுள்ள அந்தச் சுவர் இன்றைக்கும் ஆட்களை வரவழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. பெயருக்கு இருக்கிற பலம் அது. மையம் அதற்குப் பணிந்துபோக வேண்டும்.

ஆனால் நம் ஊரில் நிலத்துக்குள் இறங்குவது பெரிய தலைவலி. வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பம்பு, ஈரம், பூஞ்சணம், குளிரூட்டி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். அதனால் எங்கள் வரைபடத்தில் மையம் கீழே, வாசலுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு தளம். சுற்றிலும் அகலமான தாழ்வாரம், மூன்று மீட்டர் நீண்ட இறவாரம். கண்ணாடிச் சுவர் கிடையாது. பள்ளிப் பேருந்து வந்து நின்றதும் இடி மின்னலோடு மழை பிடித்துக்கொண்டால் நாற்பது பிள்ளைகள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஆசிரியர் சொல்வதைக் கேட்க இடம் வேண்டும். வெட்டவெளிக் குன்றில் மின்னல் நேரத்தில் யாரையும் ஏற்றக் கூடாது. சிங்கப்பூரில் எந்தக் கட்டடத்துக்கும் முதல் வேலை வெயிலையும் மழையையும் தடுப்பது. அதைச் சரியாகச் செய்தாலே பாதி மரியாதை வந்துவிடும்.

சரி, உள்ளே என்ன?

இங்கேதான் நான் விடாப்பிடியாக நின்றேன். உள்ளே வருகிறவர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு பெயரைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே குன்றுக்குப் போக வேண்டும். மையத்தின் வேலை அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் உள்ளேயே பிடித்துவைக்கும் அரங்கம் வேண்டாம். குண்டு வெடிக்கும் சத்தம் வேண்டாம், மெழுகு பொம்மை வேண்டாம், ஆளுயரத் திரையில் டாங்கி ஓட வேண்டாம். சாங்கி தேவாலய அருங்காட்சியகத்தை 2021இல் புதுப்பித்துத் திறந்தபோது நான் அதிக நேரம் நின்றது ஒரு நாட்குறிப்பின் முன்னால். கைதியாக இருந்த ஒருவர் தன் மனைவிக்குக் கடிதம் எழுதுவதுபோல எழுதிய 400 பக்கம். அந்தக் கையெழுத்து செய்கிற வேலையை எந்த ஒலி ஒளியும் செய்யாது.

பெயர் என்றேன். கிராஞ்சிச் சுவரில் பெயர்கள் படைப்பிரிவு வாரியாக இருக்கின்றன. அதற்குள் பதவி, அதற்குள் அகரவரிசை. இந்தியப் படைகளின் பகுதிக்குப் போனால் பஞ்சாப், டோக்ரா, கர்வால், பலூச், ஹைதராபாத், கூர்க்கா என்று நீளும். மலாயாவில் ஜித்ராவிலும் கம்பாரிலும் சிலிம் ரிவரிலும் ஜப்பானியரை எதிர்கொண்டவர்கள் பெரும்பாலும் இவர்கள்தாம். தமிழ்ப் பெயர்கள் குறைவு. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படை, போக்குவரத்து, மருத்துவம் போன்ற துணைப் படைகள் என்று தேட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அப்படித் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு இளைஞர் சற்றுத் தள்ளி நின்று, விரலைக் கல்லில் வைத்து ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். சிவகங்கைப் பக்கம் ஊர். சுங்கை காடுட்டில் வேலை, பக்கத்தில்தான் தங்கும் விடுதி. விடுமுறை நாளில் சும்மா நடந்து வந்திருக்கிறார்.

“அண்ணே, இதெல்லாம் நம்மூர்ப் பேரா இருக்கே. இவங்க எந்த ஊருண்ணே?”

சுவர் அதைச் சொல்லாது. கைப்பேசியில் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேட்டைத் திறந்து அவர் விரல் வைத்திருந்த பெயரைப் போட்டேன். இந்திய வீரர்கள் பலருக்குப் பதிவேட்டில் ஒரு வரி கூடுதலாக இருக்கும். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்தக் கிராமம், இந்த மாவட்டம். படித்துக் காட்டினேன்.

“சேலம் ஜில்லாவா! எங்க ரூம்ல ரெண்டு பேரு அந்தப் பக்கம்தாண்ணே” என்று சொல்லி உடனே போனை எடுத்து அந்தப் பெயரைப் படம் பிடித்துக்கொண்டார்.

எங்கள் மையத்தின் முதல் அறை அந்த ஒரு வரிக்காகத்தான். ஐந்தாறு மேசை. தமிழிலும் தேடலாம், ஊர்ப் பெயரை வைத்தும் தேடலாம், படைப்பிரிவை வைத்தும் தேடலாம். கிடைத்ததும் ஒரு சிறு சீட்டு அச்சாகி வரும். பெயர், வயது, ஊர், இறந்த நாள், மேலே எந்தச் சுவரில் எத்தனையாவது பத்தி. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினால் 24,000 பெயருக்கு நடுவில் கண் ஒரு பெயரில் போய் நிற்கும். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒருவர். நாற்பது பேர் ஏறினால் நாற்பது பெயரை நினைவில் வைத்துக்கொண்டு இறங்குவார்கள். வெளிநாட்டுக் குடும்பங்கள் தங்கள் ஆளைத் தேடி வரும்போது கூடவே வழிகாட்டி ஒருவர் நடந்துபோக வேண்டும். கனடாக்காரர்கள் பிரான்சில் உள்ள தங்கள் விமி நினைவிடத்தில் தங்கள் நாட்டு மாணவர்களையே வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். இங்கேயும் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளைகளை வைக்கலாம், நான்கு மொழியிலும் பேசத் தெரிந்தவர்களாக.

அந்தப் பதிவேட்டில் பதவி என்ற இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். சிப்பாய், நாயக், ஹவில்தார், சுபேதார் எல்லாம் இருக்கும். அவற்றுக்கு நடுவே சமையல்காரர், தண்ணீர் தூக்குபவர், துப்புரவாளர், சலவைக்காரர் என்றும் வரும். இவர்களும் படையின் கணக்கில் இருந்தவர்கள், இவர்களுக்கும் பெயர் உண்டு. 1917இல் தொடங்கிய அந்த ஆணையத்தின் கொள்கை, பதவி, இனம், மதம் பார்க்காமல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுகூர வேண்டும் என்பது. எல்லா இடத்திலும் அது நடக்கவில்லை. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்கர், ஆசியர் பலருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை என்று ஆணையமே 2021இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. கிராஞ்சியில் தண்ணீர் தூக்கியவரின் பெயரைப் பார்க்கும்போது அந்தக் கொள்கை எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிகிறது. மையத்தில் முதலில் காட்ட வேண்டிய பெயர் அவருடையது. தளபதிகளைப் பற்றித் தெரிந்துகொள்ளப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நினைவுச்சின்னத்துக்குப் பின்னால் தகன நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. தங்கள் மத வழக்கப்படி தீயில் இடப்பட்ட கிட்டத்தட்ட 800 பேருக்கானது, பெரும்பாலும் இந்தியப் படையினர். முன்பக்கம் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை. எங்கள் நடைபாதையை மேலே போகும்போது முன்பக்கமாகவும் இறங்கும்போது பின்பக்கமாகவும் வளைத்திருக்கிறோம். அந்தக் கல்லைத் தாண்டாமல் யாரும் கீழே வர முடியாது.

இந்தியப் படை என்று பேச ஆரம்பித்தால் ஃபேரர் பார்க்கைப் பேசாமல் முடியாது. முஸ்தபாவுக்குச் சாமான் வாங்கப் போகும் நம்மவர்கள் தினமும் கடந்துபோகிற இடம். சரணடைந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, 40,000க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களை அந்தத் திடலில் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய ராணுவத்துக்கு (ஐஎன்ஏ) ஆள் சேர்ந்தது அங்கிருந்துதான். ஒரே படைப்பிரிவில் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். சேர்ந்தவர்கள் ஒரு பக்கம், மறுத்துக் கைதியாகவே கிடந்து எங்கெங்கோ தீவுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள் மறுபக்கம். 1943இல் நேதாஜி வந்த பிறகு தோட்டப்புறத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள், பெண்கள் ஜான்சி ராணிப் படைக்குப் போனார்கள். எஸ்பிளனேடில் அந்த ராணுவத்தின் வீரர்களுக்காக 1945 ஜூலை 8 அன்று நேதாஜி அடிக்கல் நாட்டி எழுந்த நினைவுச்சின்னத்தை, இரண்டே மாதத்தில் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினார்கள். 1995இல்தான் அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது.

இதைக் கிராஞ்சி மையத்தில் சொல்லலாமா என்று வாத்தியார் நண்பர் தயங்கினார். பிரிட்டிஷ் மகுடத்துக்காக இறந்தவர்களின் நினைவிடம் இது, அவர்களை எதிர்த்தவர்களின் கதை இங்கே எதற்கு என்று யாராவது கேட்பார்கள் என்றார். கேட்கட்டும். மறுத்தவன் எதை மறுத்தான் என்று தெரியாமல் அவனுடைய உறுதி எப்படிப் புரியும்? சேர்ந்தவன் யாரை விட்டு வந்தான் என்று தெரியாமல் அவனுடைய முடிவின் கனம் எப்படித் தெரியும்? ஒரே மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம், யார் சரி என்று நாம் தீர்ப்பு எழுத வேண்டாம் என்று முடிவு செய்தோம். தமிழ்க் குடும்பங்களில் இது அறுபது எழுபது வருஷமாக அப்படித்தான் இருக்கிறது. ஒரு தாத்தா பட்டாளத்தில், இன்னொரு தாத்தா ஐஎன்ஏவில், இரண்டு படமும் ஒரே கூடத்துச் சுவரில்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

என் பாட்டியின் தம்பி ஜோகூரில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் போட. திரும்பி வரவில்லை. எங்கே இறந்தார், எந்த நாள், ஒன்றும் தெரியாது. திதி தெரியாதவர்களுக்கு என்று இருக்கிற மகாளய அமாவாசையில் பாட்டி அவருக்கும் சேர்த்துத் தண்ணீர் விடச் சொல்வார். இந்த வரைபட வேலையைப் பற்றி ஈசூனில் இருக்கும் என் அத்தையிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி.

“ஏன்டா, அந்தச் சுவத்துல நம்ம சின்னத் தாத்தா பேரு இருக்கா?”

“இல்ல அத்தை. அது பட்டாளத்துல இருந்தவங்களுக்கு.”

“இவரும் அவங்ககூடத்தானேடா தண்டவாளம் போட்டாரு. அவங்ககூடத்தானே காலரா வந்து செத்தாங்க எல்லாரும்.”

நான் பதில் சொல்லவில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத மையத்தை வரைய எனக்கு மனம் வரவில்லை.

சயாமையும் பர்மாவையும் இணைக்கப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதை. 1943 அக்டோபரில் முடிந்தது. 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் வேலை செய்து, 12,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சனாபுரியிலும் சுங்காயிலும் தன்பியுசாயாத்திலும் கல்லறைகள் உண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு கல். கல்லறை இல்லாதவர்கள் பலருடைய பெயர் கிராஞ்சிச் சுவரில். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைவிடப் பல மடங்கு அதிகம். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர். இறந்தவர்கள் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். சுமார் 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படுவது. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும் பகுதி தோட்டத் தமிழர்கள். நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லியும் கூட்டிப்போனார்கள், வழியில் பிடித்தும் கொண்டுபோனார்கள். ராணுவ மருத்துவர் இல்லை, கட்டளையிட அதிகாரி இல்லை, இறந்தால் எழுதிவைக்க ஆள் இல்லை. கைதிகளின் முகாம்களில் இறந்தவன் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிப் புட்டியில் போட்டு ஒளித்துவைக்க ஒருவராவது இருந்தார்.

தண்ணீர் தூக்கியவருக்குப் பெயர் கிடைத்ததற்குக் காரணம் படையிடம் ஒரு பட்டியல் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கும் ஒரு காலத்தில் பட்டியல் இருந்தது. விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆளெடுப்பில், பெயர் கூப்பிட்டு, வந்தவரைத் தோட்டக் கணக்கரான கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். சம்பளம் போட அந்தக் கணக்கு வேண்டும். போரில் வெள்ளைக்காரத் துரைகள் ஓடினார்கள், தோட்ட அலுவலகங்கள் எரிந்தன, புத்தகங்கள் கெட்டுப்போயின. அதோடு அந்தப் பெயர்களும் போயின.

ஆகவே மையத்தின் இரண்டாவது அறை இவர்களுக்கு. கிராஞ்சி ராணுவக் கல்லறை, அங்கே இந்த அறை எப்படி என்று கேட்கலாம். ரயில்பாதைதான் பதில். 1942 ஜூனிலிருந்து சிங்கப்பூர்க் கைதிகளை இரும்புச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே கொண்டுபோன ரயில் கிராஞ்சி வழியாகத்தான் போனது. 2011 ஜூன் 30 வரை அந்தத் தண்டவாளத்தில் மலாயன் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அது 24 கிலோமீட்டர் ரயில் பாதை நடைவழி. வார இறுதியில் ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நடைவழியின் வடக்கு முனையிலிருந்து நினைவிடத்துக்கு ஒரு மரநிழல் பாதை போட வேண்டும் என்பது எங்கள் வரைபடத்தில் கட்டடத்தைவிட முக்கியமான கோடு. எம்ஆர்டியில் வருகிறவரைவிட அந்தப் பாதையில் நடந்து வருகிறவர் பாதி விஷயத்தைக் காலால் தெரிந்துகொண்டு வருவார்.

அந்த அறைக்குள் பெரிதாக ஒன்றும் இருக்காது. தரையில் ஒரு சரக்குப் பெட்டியின் அளவு பித்தளைக் கோட்டில் பதித்திருக்கும். சுமார் 18 அடிக்கு 8 அடி என்று கைதிகள் எழுதிவைத்திருக்கிறார்கள், ஒரு பெட்டிக்கு முப்பது பேர் போல, நாலைந்து நாள் பயணம். வாத்தியார் நண்பர் இதைத் தன் பள்ளி மண்டபத்தில் டேப் ஒட்டிச் செய்துபார்த்தார். முப்பது மாணவர்களை அதற்குள் நிற்க வைத்தார். முதலில் சிரிப்பும் தள்ளுமுள்ளும். உட்காரச் சொன்னதும் முடியவில்லை. “சார், நாலு நாளா? பாத்ரூமுக்கு?” என்று ஒரு பையன் கேட்டானாம். அந்தக் கேள்வி வந்த பிறகு அவர் நடத்திய பாடம் வருஷம் முழுக்க நடத்தியதைவிட நன்றாகப் போனது என்கிறார்.

அடுத்து, குரல்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் 1979இலிருந்து வாய்மொழி வரலாறு சேகரித்துவருகிறது. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றித் தமிழில் பேசியவர்களும் அதில் இருக்கிறார்கள். அந்தத் தமிழை அப்படியே கேட்க வேண்டும், மேலே ஆங்கிலக் குரல் ஓடாமல். மற்ற மொழிக்காரர்களுக்குக் கீழே எழுத்தில் கொடுத்துக்கொள்ளலாம். கடைசியாக ஒரு மேசை, ஒரு பேனா, ஒரு பெரிய பேரேடு. இங்கே வருகிறவர்கள் தங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவரின் பெயர், தோட்டம், ஊர் தெரிந்தால் எழுதலாம். தெரிந்த அளவு. முழுப்பெயர் தெரியாவிட்டால் வீட்டில் கூப்பிட்ட பெயர் போதும். ஒரு காப்பாளர் அதை உட்கார்ந்து கேட்டு, சரிபார்த்து, கணினியில் ஏற்ற வேண்டும். 90,000 பெயர் ஒருபோதும் வராது. ஆயிரம் வந்தால்கூட அது இன்றைக்கு எந்தச் சுவரிலும் இல்லாத ஆயிரம்.

கற்பனை முகங்களை மட்டும் வைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். “ராமசாமி, 24 வயது, ஜோகூர்” என்று பொதுவாக ஒருவரை உண்டாக்கி அவர் கதையைச் சொல்லும் பழக்கம் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. பெயரே இல்லாமல் போனவர்களுக்குப் பொய்ப் பெயர் சூட்டுவது இரண்டாவது முறை அவர்களை அழிப்பது. நம் மரபில் நடுகல் என்பது பெயரையும் அவர் செய்ததையும் கல்லில் எழுதி நடுவது. தெரிந்ததை எழுதுவோம். தெரியாத இடத்தைக் காலியாக விடுவோம், அந்தக் காலியிடத்துக்கும் சுவரில் அகலம் ஒதுக்குவோம்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை, என் தொழில் அது என்பதால். நான்கு மொழிப் பலகை வடிவமைக்கும்போது ஆங்கிலத்துக்கு அளவெடுத்துச் சட்டம் போட்டுவிட்டு, கடைசியில் தமிழை அதே சட்டத்துக்குள் அமுக்குவார்கள். தமிழுக்கு இடம் கூடுதலாக வேண்டும். அமுக்கினால் எழுத்து சிறுத்து, மேல்கொம்பும் கீழ்ச்சுழியும் ஒன்றோடொன்று முட்டி, வயதானவர்கள் படிக்க முடியாமல் நகர்ந்துவிடுவார்கள். கிராஞ்சியில் தமிழ் வாசகர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து விடுதிகளில் ஆயிரக்கணக்கான தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். தமிழ்தான் அவர்கள் சரளமாகப் படிப்பது. அவர்களுக்கு நேரம் கிடைப்பது ஞாயிறு. அதனால் பலகையைத் தமிழுக்கு அளவெடுத்துப் போடுங்கள், மற்ற மொழிகள் அதில் தாராளமாக அடங்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணி வரை திறந்துவையுங்கள். இந்த இரண்டுக்கும் பெரிய செலவு இல்லை.

தண்ணீர்க் குழாய் இன்னொன்று. கல்லறைக்குப் போய் வந்தால் கைகால் கழுவாமல் வீட்டுக்குள் நுழைய மாட்டோம். சீனர்களிடமும் இதுபோல வழக்கம் உண்டு. என் அம்மா தலைமுறையில் பலர் கிராஞ்சிக்கு வராததற்கு அதுவும் ஒரு காரணம். இறங்கும் பாதையின் முடிவில், தாழ்வாரத்துக்கு வெளியே, திறந்தவெளியில் நீளமான ஒரு கல் தொட்டியும் வரிசையாகக் குழாய்களும் வரைந்திருக்கிறோம். கழிப்பறைக்குள் ஒளித்துவைக்கவில்லை. நின்று நிதானமாகக் கழுவிக்கொண்டு போகலாம்.

இன்னும் தீராத ஒரு சண்டை விளக்கைப் பற்றி. இரண்டாவது அறையில் விளக்கேற்ற இடம் வேண்டும் என்கிறேன். கட்டடக் கலைஞர் நண்பர் தீயணைப்பு விதிகளைக் காட்டுகிறார். வாத்தியார் நண்பருக்கு வேறு கவலை. ஒரு மதத்துக்கு இடம் கொடுத்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள், மலாய்க்காரரும் பர்மியரும் ஜாவாக்காரரும் அதே பாதையில்தானே இறந்தார்கள் என்கிறார். இரண்டும் நியாயம்தான். ஆனால் நினைவுச்சின்னத்தின் அர்ப்பணிப்பு வாசகமே என்ன சொல்கிறது? தோழர்களுக்குக் கிடைத்த வழக்கமான இறுதிச் சடங்கு போரின் விதியால் இவர்களுக்குக் கிடைக்காமல் போயிற்று என்கிறது. அந்த வாசகத்தைக் கல்லில் வெட்டியவர்கள் சடங்கின் அருமையை அறிந்தவர்கள். ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் தங்கள் போர்வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் நாள் விடியலிலும் நவம்பர் நினைவு ஞாயிறன்றும் அங்கே சடங்கு நடக்கிறது, மலர்வளையம் வைக்கிறார்கள், எக்காளம் ஊதுகிறார்கள். மகாளய அமாவாசையில் ஒரு குடும்பம் வந்து விளக்கு வைத்தால் அதற்கும் இடம் இருக்க வேண்டும். ஃபாத்திஹா ஓத வருகிறவருக்கு உட்கார இடம், ஊதுபத்தி கொளுத்த வருகிறவருக்கு மணல் தொட்டி, எல்லாம் வேண்டும்.

கடைசியாகப் பேசியபோது அறையை ஒட்டிக் கூரையில்லாத ஒரு முற்றம் என்று வரைந்திருக்கிறோம், நான்கு மீட்டருக்கு நான்கு. திறந்தவெளி என்பதால் தீயணைப்பு அதிகாரிகளிடம் பேசிப் பார்க்கலாம். எந்த மதத்தின் அடையாளமும் சுவரில் இருக்காது. தரை சரளைக் கல், மழைநீர் ஓட வாய்க்கால், காற்றுக்கு மறைவாக இடுப்பளவு சுவரில் சிறு சிறு மாடங்கள். மாடம் எத்தனை என்பதில்தான் இன்னும் ஒத்துப்போகவில்லை. நண்பர் பன்னிரண்டு என்கிறார், நான் நாற்பது என்கிறேன். அத்தையைக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டிவிட்டு முடிவு செய்யலாம் என்று இருக்கிறோம்.